அகன்ற சாலைக்குச் சாட்சியாக நிறுத்தப்படும் மிதிவண்டி

பள்ளிவாசலில் எங்கள் லயத்துக்குக் கீழே வளைந்து செல்லும் சாலையின் இரண்டு முனைகளிலும் கடல் இருக்கிறது. பள்ளியில் படித்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. மூணாறுக்கும் அடிமாலிக்கும் பேருந்து போகிற சாலை என்றுதான் நினைத்திருந்தேன். கொச்சியில் தொடங்கி, நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்து, அடிமாலி, பள்ளிவாசல், மூணாறு என மலையேறி, போடிமெட்டில் இறங்கி, தேனி, மதுரை, இராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடியில் முடிகிறது பழைய தேசிய நெடுஞ்சாலை 49. மதுரை வரையுள்ள பகுதியின் இன்றைய எண் 85. ஏறத்தாழ 440 கிலோமீட்டர். ஒரு முனையில் அரபிக் கடல்; மறுமுனையில் மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் அரிச்சல்முனை. நடுவில் நாங்கள்.

சில வாரங்களாக, ஆய்வு நண்பர்கள் பலர் கடலோர மிதிவண்டிப் பாதை குறித்த செய்திகளையும் மாதிரிப் படங்களையும் பகிர்ந்து, நான் மிதிவண்டி ஓட்டுபவன் என்பதால் என் பெயரையும் அவற்றோடு இணைத்து வருகிறார்கள். படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. இடப்பக்கம் நீலக் கடல், வலப்பக்கம் வழவழப்பான தார்ச்சாலை, இடையில் தனி வண்ணம் பூசிய தடம், அதில் தலைக்கவசம் அணிந்த இருவர். வலை இல்லை, வள்ளம் இல்லை, வீடு இல்லை. மகிழ்ச்சியான செய்திதானே என்று கேட்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியில்லை. ஏன் என்பதைக் கருத்துப்பெட்டியில் இரண்டு வரியில் சொன்னால் முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பேசப்படும் திட்டங்களில் மிகப் பெரியது கேரளக் கடலோர நெடுஞ்சாலை. தெற்கே திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொழியூர் முதல் வடக்கே காசர்கோடு மாவட்டத்தின் குஞ்சத்தூர் வரை, ஒன்பது கடலோர மாவட்டங்களின் ஊடாக, 623 கிலோமீட்டர். மாநில அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியமான கிஃப்பி நிதியளிக்கிறது. அகலம் பதினான்கு மீட்டருக்குக் குறையாது. உடன் மிதிவண்டித் தடமும் உண்டு. அறிவிப்புகளில் அந்தத் தடம் தவறாமல் முன்னுக்கு வருகிறது. சூழலுக்கு உகந்த திட்டம் என்பதற்கு அதுவே சான்றாகக் காட்டப்படுகிறது.

என் ஆட்சேபம் இதுதான். சாலையில் ஓடும் வண்டிகளிலேயே மிகக் குறைந்த இடத்தைக் கேட்பது மிதிவண்டி. ஒருவர் செல்ல ஒரு மீட்டர், எதிரெதிரே இருவர் கடக்க இரண்டரை மீட்டர் போதும். செங்குத்தான வளைவிலும் திரும்பும், ஒற்றையடிப் பாதையிலும் போகும், வழியில்லாத இடத்தில் தோளில் ஏறிக்கொள்ளும். அப்படிப்பட்ட வண்டியின் பெயரைச் சொல்லிப் பதினான்கு மீட்டர் சாலைக்கு நிலம் எடுப்பது, நோயாளிக்குக் கஞ்சி என்று சொல்லி ஊர்ப்பந்திக்கு உலை வைப்பதைப் போன்றது. பந்தி வேண்டுமானால் பந்தி என்றே சொல்லிச் சமைக்கலாம். அதற்கான நியாயங்கள் தனியே இருக்கக்கூடும்.

மலையிலிருந்து வந்தவன் கடலைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். மலையில் நடந்ததைக் கண்டதால்தான் பேசுகிறேன். மூணாறிலிருந்து போடிமெட்டு வரையுள்ள ஏறத்தாழ 42 கிலோமீட்டர் 2017-க்குப் பிறகு அகலப்படுத்தப்பட்டது. அதில் தேவிகுளத்தை அடுத்த கேப் ரோடு என்னும் பகுதி, பாறைமுகத்தைக் குடைந்து போட்ட பழைய குறுகிய சாலை. மேகம் சாலை மட்டத்துக்கு வந்து நிற்கும். கீழே தேயிலைச் சரிவு. மிதிவண்டிக்காரர்கள் தொலைவிலிருந்தெல்லாம் தேடி வந்தது அந்தக் குறுகிய சாலையைத்தான். அகலப்படுத்தப் பாறைக்கு வெடி வைத்தார்கள். 2019 ஜூலையிலும் அக்டோபரிலும், மீண்டும் 2020 ஜூனிலும் மலை சரிந்தது. 2019 அக்டோபர்ச் சரிவில் பணியிலிருந்த தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கீழிருந்த விளைநிலங்களின் மேல் பாறைகள் குவிந்தன. சாலை மாதக்கணக்கில் மூடப்பட, சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கத்து மக்கள் சுற்றுவழியில் அலைந்தார்கள். (2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்டுபோன சரிவை இதனோடு சேர்க்கவில்லை. அதன் காரணங்கள் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது, அது சரியல்ல.) 2024 தொடக்கத்தில் அகன்ற சாலை திறக்கப்பட்டது. இப்போது அங்கே வாகனங்கள் பறக்கின்றன. மிதிவண்டியில் போகிறவன் ஓரத்தில் ஒதுங்கிப் போகிறான்.

இந்த மலையில் சாலை இடம் மாறியது அதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1924 பெருவெள்ளத்தில், மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்லும் அந்த வெள்ளத்தில், ஆலுவாவிலிருந்து பூயங்குட்டி வழியாக மூணாறுக்கு வந்த பழைய பாதை மலையோடு போயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில்பாதையும் போயிற்று. அவ்விடத்தில் சுவர் எழுப்பி மலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. நேரியமங்கலம், பள்ளிவாசல் வழியாகப் புதிய பாதை 1931-இல் வந்தது. 1935-இல் பெரியாற்றுப் பாலம் திறந்தது. எங்கள் ஊர் சாலையோர ஊரானதே அந்த விலகலால்தான்.

சாலையின் மறுமுனை தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் இரயில்பாதையும் அழிந்தன. அரை நூற்றாண்டுக்கும் மேல் மணலில் நடந்தும் வண்டியில் குலுங்கியும் போன இடத்துக்கு 2017-இல் தார்ச்சாலை வந்தது. இருபுறமும் கடல், நடுவில் நேர்க்கோடாய்ச் சாலை. மிதிவண்டி ஓட்டுபவர்களுக்குக் கனவுபோன்ற இடம். நானும் அங்கே மெய்ம்மறந்து ஓட்டியிருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தார் நிற்பது கொட்டிய கற்களின் தயவில். ஒவ்வொரு பருவத்திலும் கடல் ஏறி வந்து கற்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறது.

கடலோரம் என்பதை நாம் வரைபடத்தில் ஒரு கோடாகப் பார்க்கிறோம். அது கோடாக நிற்பதில்லை. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வு, இந்தியப் பெருநிலக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகி வருவதாகக் காட்டியது. மணல் ஒரு பருவத்தில் ஒரு திசையிலும் மறுபருவத்தில் எதிர்த்திசையிலும் கரையோரமாகப் பயணம் செய்கிறது. அதன் வழியில் கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை கரையும். கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் 344 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதற்கட்டமாக ஏழு கிலோமீட்டருக்கு மேல் நான்முனைக் கான்கிரீட் கட்டைகளால் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள். அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் கண்ணமாலியில் ஆண்டுதோறும் வீட்டுக்குள் கடல் வருகிறது. மக்கள் சாலையில் அமர்ந்து போராடுகிறார்கள். கடலோரமாகப் போடும் நிலையான அகன்ற சாலை, தன்னைக் காத்துக்கொள்ள இத்தகைய சுவரைக் கேட்கும். சாலைக்குச் சுவர், சுவருக்கு அடுத்த ஊரின் கரை என்று கணக்கு நீண்டுகொண்டே போகும்.

சென்ற தை மாதத்தில் கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை மேற்குக் கடற்கரையோரமாக இரண்டு நாள் மிதிவண்டியில் போனேன். தமிழ்நாட்டில் கரடுமுரடான கடலோரம் என்று சொல்லத்தக்கது இதுதான். சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் பெரும்பாலும் மதில்களுக்குப் பின்னால் இருக்கும். ஞாயிறு விடியலில் அங்கே மிதிவண்டிக் கூட்டங்கள் திரள்கின்றன. 2021-இல் முதலமைச்சரே ஓட்டிச் சென்றார். ஆனால் அது கடலைப் பார்க்கும் சாலையன்று. குமரியின் மேற்குக் கரை வேறுவகை. மணக்குடியில் காயல், அதன் மேல் 2004 ஆழிப்பேரலை அடித்துச்சென்ற பாலத்துக்குப் பதிலாக வந்த பாலம். முட்டத்தில் பாறைமேல் கலங்கரை விளக்கமும் அதற்குக் கீழே வெடித்துச் சிதறும் அலையும். மணவாளக்குறிச்சியில் கறுத்துப் பளபளக்கும் தாது மணல். மண்டைக்காடு, குளச்சல், குறும்பனை, தேங்காய்ப்பட்டணம். அங்கே ஆற்றின் பொழிமுகத்தைக் கடந்தால் இரயுமன்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி.

ஒருமுறை ஓட்டினால் புரியும், இது ஒற்றைப் பாதையே அன்று. ஊருக்குள் நுழைந்து, குருசடிக்கு முன் திரும்பி, தென்னந்தோப்புக்குள் போய், மீண்டும் கடலுக்கு வரும் துண்டுப் பாதைகளின் தொடர்ச்சி. சில இடங்களில் கடலோரச் சாலை பாதியில் அறுந்து நிற்கிறது. தார் விளிம்புக்குக் கீழே அலை. அங்கே உள்ளே திரும்பி அரைக் கிலோமீட்டர் சுற்றினால் மறுபடி சேரலாம். மிதிவண்டிக்கு அது பொருட்டில்லை. லாரிக்கும் பேருந்துக்கும் பொருட்டு. பிற்பகலில் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். ஊருக்குள் வீடுகளின் மறைவில் அது தணியும். வலை காய்கிற இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். யாரும் விரட்டவில்லை. எங்கிருந்து வருகிறாய் மக்கா என்று கேட்டார்கள். மூணாறு என்றதும், அங்கே தேயிலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். நெய்தல் என்றதும் இரங்கலைத் தேடும் நம் துறைப் பழக்கத்தை அந்த இரண்டு நாளில் கொஞ்சம் கழற்றி வைத்தேன்.

இன்னொன்றையும் பார்த்தேன். அதிகாலை ஏலம் முடிந்ததும் பின்னிருக்கையில் பெட்டி கட்டி உள்ளூர்களுக்கு மீன் கொண்டுபோகும் சைக்கிள்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன, உண்மை. ஆனாலும் வயதானவர்கள் சைக்கிளில்தான். அவர்கள் கடலோரமாக ஓட்டுவதில்லை. கடலிலிருந்து உள்நோக்கி, கரையிலிருந்து சந்தைக்கு, செங்குத்தாக ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போவதும் அப்படியே. கடலோர மக்களின் அன்றாடம் கடலுக்குக் குறுக்காக ஓடுகிறது. பார்வையாளரின் இன்பம் கடலுக்கு இணையாக ஓடுகிறது. மாதிரிப் படங்களில் இருப்பது இரண்டாவது மட்டும். சுற்றுலாப் பார்வை என்ற கருத்தை ஜான் அரி 1990-இல் எழுதியதிலிருந்து நாம் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறோம். நம் கண்முன் ஒரு நெடுஞ்சாலையின் வடிவில் அது வரும்போது விருப்பக்குறி இடுகிறோம்.

குளச்சலில் 2021 டிசம்பரில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய வயதான பெண் ஒருவர், நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவித்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. காணொளி பரவி, முதலமைச்சர் கண்டித்து, ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபின் செய்தி அடங்கியது. அந்தக் கரையில் கடவத்தைத் தலையில் சுமந்து நடக்கும் பெண்ணுக்கு யாரும் தயவு காட்டத் தேவையில்லாத ஒரு வண்டி வேண்டும் என்பது எனக்கு அன்று தோன்றியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஏறியதைப் பி. சாய்நாத் எழுதியதை நம்மில் பலர் பாடமாகவே படித்திருக்கிறோம். அங்கே சைக்கிளுக்குப் புதிய சாலை போடவில்லை. இருந்த சாலையில் பெண்கள் ஓட்டினார்கள்.

வெளிநாட்டில் அழகான கடலோரப் பாதைகள் இருக்கின்றனவே என்ற கேள்வி வரும். இருக்கின்றன, அவை எப்படி அமைந்தன என்றும் பார்க்கலாம். பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் ராஸ்காஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையிலுள்ள ஆந்தாய் வரை செல்லும் வெலோதிஸே என்ற மிதிவண்டிப் பாதை 1,200 கிலோமீட்டருக்கும் அதிகம். பெயர் அட்லாண்டிக் பாதை. ஆனால் பிரித்தானி பகுதியின் பாறைக் கடலோரத்தை அது பெரும்பாலும் தொடுவதே இல்லை. உள்நாட்டுக்குத் திரும்பி, நான்த் நகரையும் பிரெஸ்த் நகரையும் இணைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாயின் கரையில், முன்பு படகிழுத்தவர்கள் நடந்த தடத்தில் போகிறது. பிறகு ஊர்ப் பாதைகள், காட்டுப் பாதைகள். பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த தடம். பெயர்ப்பலகையும் செப்பனிடலும்தான் புதிது. மாறாக, கடலை ஒட்டியே போவேன் என்று மலையைக் குடைந்து 1937-இல் திறந்த கலிபோர்னியாவின் பிக் சர் சாலையில் 2017 மே மாதம் மலை சரிந்து, சாலை ஓராண்டுக்கு மேல் மூடிக்கிடந்தது. அதன் பிறகும் சரிவுகள் நிற்கவில்லை. கேப் ரோட்டைப் பார்த்தவனுக்கு அந்தப் படங்கள் அயலாகத் தோன்றவில்லை.

குமரிக் கரையில் நமக்கும் ஒரு கால்வாய் உண்டு. திருவிதாங்கூர் அரசு 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய்; சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க நினைத்தார்கள். பூவாற்றிலிருந்து குளச்சல், மண்டைக்காடு வரை வந்து நின்றுவிட்டது. கடலுக்குச் சற்று உள்ளே, கடலுக்கு இணையாக. இன்று பல இடங்களில் தூர்ந்தும் சில இடங்களில் கடலால் அரிக்கப்பட்டும் கிடக்கிறது. அதைத் தூர்வாரி, கரையில் இரண்டரை மீட்டர் தடம் அமைத்தால் அது நீருக்கும் வழி, மிதிவண்டிக்கும் வழி. கடல் கரையை எடுக்கும் இடங்களில் ஊர்ப்பாதையோடு சேர்ந்துகொள்ளலாம். இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. கால்வாய்க் கரையிலும் வீடுகள் உள்ளன; கடல் விரட்டியவர்கள் கட்டியவை. தூர்வாருதல் என்ற பெயரில் முதலில் அகற்றப்படுவது அவர்களாகவே இருக்கக்கூடும். வீடு இருக்கும் இடத்தில் தடம் விலகவேண்டும் என்பதை முன்நிபந்தனையாக எழுதாமல் நான் இதை ஆதரிக்கமாட்டேன். விலகுவது மிதிவண்டிக்கு எளிது என்பதுதானே என் வாதம்.

கடலோர ஊர்களுக்கு நல்ல சாலையே வேண்டாம் என்கிறீர்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டும். பிரசவ வலியில் இருப்பவளை ஏற்றிச்செல்லும் வண்டிக்கும், ஐஸ் உருகும்முன் துறைமுகத்தைவிட்டுப் புறப்படவேண்டிய லாரிக்கும் சாலை வேண்டும். அவை ஊரிலிருந்து உள்நாட்டு நெடுஞ்சாலைக்குப் போகும் சாலைகள். சீராக இருக்க வேண்டியவையும், பழுதாகிக் கிடப்பவையும் பெரும்பாலும் அவையே. கடலோரமாகவே ஒரு பெருஞ்சாலையும் வேண்டும் என்று அரசு கருதினால், சரக்கு, சுற்றுலா, நிலமதிப்பு என்ற உண்மையான காரணங்களைச் சொல்லி வாதிடட்டும். இழப்பீட்டுத் தொகுப்பும் அந்தக் காரணங்களின் எடையில் அளக்கப்படட்டும். வீட்டை இழப்பவரிடம், மாசில்லாப் போக்குவரத்துக்காக என்று சொல்லக்கூடாது. வீடு கொடுத்தவரின் பிள்ளை அந்தத் தடத்தில் ஓட்டப்போவதில்லை. மாற்றுக்குடியிருப்பு கடலிலிருந்து தொலைவில் இருக்கும்.

ஆகவே, திட்ட அறிக்கைகளில் மிதிவண்டித் தடத்தைப் பெருஞ்சாலையிலிருந்து பிரித்துத் தனித் திட்டமாக, தனி நில அளவோடும் தனிச் செலவோடும் காட்டவேண்டும் என்பது என் கோரிக்கை. பிரித்துப் பார்த்தால் அதற்குப் புதிதாக எவ்வளவு நிலம் வேண்டும் என்பது வெளிப்படும். பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ எதுவும் வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

நினைப்பதோடு நிற்காமல் எண்ணிப் பார்க்கலாம். பொழியூரில் கேரளத் திட்டம் தொடங்குகிறது. அதை ஒட்டி இப்பால் நீரோடி. வரும் சித்திரையில், தென்மேற்குப் பருவம் கடலைக் கிளப்பும்முன், நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை ஊருக்கு ஒருவராக நின்று, விடியற்காலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை கடக்கும் மிதிவண்டிகளை எண்ண விரும்புகிறேன். யார் ஓட்டுகிறார், எதை ஏற்றியிருக்கிறார், கடலோரமாகவா குறுக்காகவா என்ற மூன்று கேள்விகள்தான். அறுந்து கிடக்கும் சாலைத் துண்டுகளையும் அளந்துவிடலாம். சேர விரும்பும் மாணவர்கள் கீழே சொல்லுங்கள். சொந்த மிதிவண்டி இருந்தால் நல்லது. உப்புக்காற்றில் சங்கிலி இரண்டே நாளில் துருவேறும், எண்ணெய் கொண்டு வாருங்கள்.